பால்மர நிழலிலிருந்து வந்த செடி

"பசியாறாம வந்துடுங்க தம்பி, இங்க வந்து பசியாறிக்கலாம்" என்று அக்கா முதல் நாள் இரவே தொலைபேசியில் சொல்லிவிட்டார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்று சொல்லும் வழக்கத்தை மலேசியத் தமிழர்கள் இன்றும் விடவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல் பாட்டியோடு போய்விட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே வெறும் வயிற்றோடு காலை ஆறரை மணிக்கு ஈப்போவில் காரில் ஏறினேன். அந்த நேரத்தில் அங்கே இன்னும் இருட்டுதான். விடிய ஏழு மணியாகும்.

போகிற ஊர் ஹுத்தான் மெலிந்தாங். பேராக் மாநிலத்தின் தெற்குக் கோடி, பெர்ணம் ஆற்றங்கரை. ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். மலாய் மொழியில் ஹுத்தான் என்றால் காடு, மெலிந்தாங் என்றால் குறுக்கே கிடப்பது. என் தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்தவர். தோட்டக் கூலிகளை வழிச்செலவு கொடுத்து மலாயாவுக்கு அழைத்துப் போவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அதற்குச் சற்று முன்னால் வந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய மூத்த மருமகள் எனக்குப் பெரியம்மா. வயது எண்பத்து நான்கு. அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். தொலைபேசியில் பேசிய அக்கா அவரோடு இருப்பவர்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரியம்மா ஒரு செடியை ஐம்பது வருடங்களுக்கு மேலாக வீட்டுக்கு வீடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தார். செடியின் பெயர் அக்காவுக்குத் தெரியவில்லை. "நெழல்லதான் பூக்கும் தம்பி. இலையில வெள்ளைப் புள்ளி இருக்கும். குச்சி மூங்கில் மாதிரி கணுக்கணுவா போவும். பூ கொத்தாத் தொங்கும், ரோஸ் கலரு." கேட்டதுமே பெகோனியா என்று தெரிந்தது. வால்பாறையில் ஈரப் பாறை இடுக்குகளில் எங்கள் ஊர்ப் பெகோனியாவான மலபாரிக்காவைப் பார்த்து மயங்கியதிலிருந்து அந்தச் செடிக் குடும்பத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஹுத்தான் மெலிந்தாங்குக்கு முன்னால், முந்தைய நாள் கோலகங்சார் போய் வந்ததைச் சொல்ல வேண்டும். ஈப்போவுக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர். மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலி போட்டு ஒரு ரப்பர் மரத்தை வைத்திருக்கிறார்கள். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்துக்கு, கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தலைமுறையின் மிச்சம் இந்த மரம். அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பருத்து, புடைத்து, பாசி படிந்து கிடந்தது. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் கடல் தாண்டி வந்தது இந்த மரத்துக்காகத்தான். தோட்டத்து மக்கள் இதை ரப்பர் மரம் என்று சொல்வது குறைவு. அவர்களுக்கு இது பால்மரம்.

கன்று வந்துவிட்டதே தவிர, இருபது வருடங்களுக்கு அதை யாரும் சட்டை செய்யவில்லை. காப்பித் தோட்டக்காரர்களைப் பிடித்து, ரப்பர் நடுங்கள் என்று விடாமல் சொன்னவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. பார்க்கிறவர் கையில் எல்லாம் விதையைத் திணித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவரும் அவர்தான். நூறு வயது வாழ்ந்து 1956இல் இறந்தார். இந்த ரிட்லிக்கு இன்னொரு முகமும் உண்டு. மலாயாக் காடுகளில் அலைந்து ஆயிரக்கணக்கான செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்தவர். 1909இல் அவர் பெயரிட்ட செடிகளில் ஒன்று பெகோனியா பவோனினா. பவோனினா என்றால் மயிலைப் போன்றது என்று பொருள்.

அந்த மயில் பெகோனியா வளர்வது கேமரன் மலைக் காடுகளில். மறுநாள் ஹுத்தான் மெலிந்தாங் போகும் வழியில், நெடுஞ்சாலையில் தாப்பாவைக் கடக்கும்போது இடப்பக்கம் மேகம் மூடிய மலைத்தொடர் தெரிந்தது. தாப்பாவிலிருந்து மலையேறும் பாதையில் மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு முறை போயிருக்கிறேன். காட்டுக்குள் வழிகாட்டியோடு நடந்தபோது, பெரிய மரங்களின் அடியில், பட்டப்பகலிலும் டார்ச் தேவைப்படுகிற இருட்டில், ஒரு சரிவு முழுக்க நீலமாக மினுங்கியது. குனிந்தால் இலைகள். மயில் கழுத்தின் நீலம். தலையை ஒரு பக்கம் சாய்த்தால் பச்சை, நிமிர்த்தால் மறுபடி நீலம்.

அந்த நீலத்துக்குச் சாயம் காரணமல்ல. இலையின் பச்சையத்தைச் சுமக்கும் நுண்ணிய பைகளுக்குள் இருக்கும் ஏடுகள், சாதாரணச் செடியில் தாறுமாறாக இருக்கும். மயில் பெகோனியாவில் அவை கட்டி அடுக்கிய புத்தகம் போல ஒரே இடைவெளியில் இருக்கின்றன. நீல ஒளி அதில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மேலே உள்ள மரங்கள் தின்றதுபோக மிஞ்சி அடிக்கு வரும் பச்சை ஒளியோ இன்னும் நன்றாக உள்ளே பிடிபடுகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதை அளந்து சொன்னார்கள்: மங்கிய ஒளியில் இந்த அமைப்பு ஒளிச்சேர்க்கையின் திறனை ஐந்து முதல் பத்து சதவீதம் வரை கூட்டுகிறது. எஞ்சி வருகிற வெளிச்சத்தில் பிழைப்பதற்கு ஒரு செடி தன் உடம்பையே இப்படி அடுக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து, 'நிழலில் தாக்குப்பிடிக்கும் செடி' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. நிழல் அதன் வீடு. வெயில்தான் அதற்குத் துன்பம்.

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளிலும் காட்டுப் பெகோனியாக்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. தாவரவியலாளர் ரூத் கியூ 2005இல் அவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். சில வகைகள் குறிப்பிட்ட ஒரு குன்றைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அந்தக் குன்றுகளில் பல சிமெண்டுக்கும் சலவைக்கல்லுக்கும் உடைக்கப்படுகின்றன. ஒரு குன்று போனால் அதன் வடக்கு முகத்து நிழலில் மட்டும் இருந்த செடியும் போயிற்று. காரில் வரும்போது அரைகுறையாக வெட்டப்பட்ட குன்று ஒன்று வெள்ளையாக, பல் தெரிவது போல நின்றது. நெடுநேரம் அது கண்ணைவிட்டுப் போகவில்லை.

பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி லங்காப் வழியாக மேற்கே திரும்பியதும் மலை மறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. தரை தட்டையாகி, சாலையோரம் வாய்க்கால்கள் கறுப்பாகத் தேங்கி நின்றன. தெலுக் இந்தானில் டீ குடிக்க நிறுத்தினோம். ஊர் நடுவே 1885இல் லியோங் சூன் சோங் என்ற கட்டுமானக்காரர் கட்டிய கடிகார கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. பைசா கோபுரத்தோடு ஒப்பிட்டு எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அது அந்த மண்ணின் குணத்துக்குச் சாட்சி. கடலும் ஆறும் கொண்டுவந்து கொட்டிய களிமண், அடியில் தண்ணீர். கோபுரத்தையே தாங்காத மண் பெகோனியாவின் நூல் போன்ற வேரை எப்படித் தாங்கும்? இந்தப் பக்கத்தில் பெகோனியாவைத் தரையில் வைத்தால் ஒரே மழையில் வேர் அழுகிவிடும். பெரியம்மா ஐம்பது வருடம் எப்படி வைத்திருந்தார் என்ற கேள்வியோடு மீதி இருபது கிலோமீட்டரைக் கடந்தேன்.

வீடு ஒரு தாமானில். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகளைக் கொண்ட குடியிருப்பை அங்கே தாமான் என்கிறார்கள். முன்னால் கார் நிறுத்தும் இடம், அதற்கு மேல் தகரக் கூரை, ஓரமாக மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. "வாங்க தம்பி, வாங்க" என்று அக்கா ஓடிவந்தார். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டினார். "எங்க மாமனார் மூக்கு அப்படியே இருக்குய்யா ஒனக்கு" என்று என் முகத்தைத் தடவினார். அதற்கு மேல் என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை. தோசையும் நெத்திலிச் சம்பலும் வந்தன. பசியாறினோம்.

பிறகுதான் செடியைப் பார்த்தேன். தகரக் கூரையின் கிழக்கு ஓரத்தில், சுவரை ஒட்டி, பதினொரு சட்டிகள். பழைய பெயிண்ட் வாளி இரண்டு, மண் சட்டி நான்கு, மிச்சமெல்லாம் பிளாஸ்டிக். எல்லாச் சட்டியிலும் ஒரே செடியின் பிள்ளைகள். என் தோள் உயரத்துக்குக் குச்சிகள் எழும்பி, கணுவுக்குக் கணு இலை விட்டிருந்தன. கரும்பச்சை இலை, வெள்ளிப் புள்ளிகள், அடிப்பக்கம் செம்பட்டு. பெகோனியாவின் இலையை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் கோணல்: நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெருத்து, மறு பக்கம் சிறுத்து, யானைக் காதைப் போல ஒருச்சாய்ந்து இருக்கும். நுனியில் பூங்கொத்துகள் கவிழ்ந்து தொங்கின.

ஒரு கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். ஒரே கொத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருந்தன. ஆண் பூ மெல்லியது, நடுவே மஞ்சள் பொடி, ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். பெண் பூவின் பின்னால் மூன்று சிறகு வைத்த சூல்பை. அந்தச் சிறகும் இதழின் நிறமே. அதனால்தான் பெண் பூக்கள் வாரக்கணக்கில் தொங்கிக் கொத்தை நிறைத்துக் காட்டுகின்றன. "பொம்பளப் பூதான்யா நின்னு பூக்கும்" என்றார் பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

இந்தக் குச்சிப் பெகோனியாக்களின் மூதாதை பிரேசில் காட்டுச் செடிகள். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைக் கலந்து கலந்து இந்த வகையை உண்டாக்கினார்கள். பால்மரத்துக்கும் அதே பிரேசில்தான் தாய்நாடு. இரண்டும் ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரே தமிழச்சியின் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

"எப்படி வந்துச்சு பெரியம்மா?"

"தொரை பங்களாவுல வந்துச்சு" என்று ஆரம்பித்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பால்வெட்டு வேலை. பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர் கத்தரித்துப் போட்ட குச்சிகளைக் கூடையில் அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டிவிட்டுப் போனார். பெரியம்மா அதில் மூன்று குச்சியைப் பொறுக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். வைக்கச் சட்டி ஏது? ஓட்டை விழுந்த பால் மங்கு இருந்தது. மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் சின்னப் பீங்கான் கோப்பைதான் மங்கு. அதில் குச்சியை ஊன்றி, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு வாசலில் வைத்தார். மூன்றில் ஒன்று வெயிலில் கருகியது, ஒன்று அழுகியது. மூன்றாவதை எடுத்துக்கொண்டுபோய் லயத்துக்குப் பின்னால் பால்மரத்தின் அடியில் வைத்தார். அது துளிர்த்தது.

"அங்கதான்யா எனக்குப் புரிஞ்சிச்சு. நாம காலையில நாலரைக்கு எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போறோம். எதுக்கு? வெயில் ஏறிட்டா பால் நின்னுரும். குளுந்த நேரத்துல வெட்டினாத்தான் ஊத்தும். இந்தச் செடியும் அப்படித்தான். வெயில் ஏறுனா அதுக்குச் செத்த நேரம்."

பெரட்டு என்பது விடியுமுன் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் அணிவகுப்பு. அவர் சொன்ன காரணம் சரியானது. இரவின் குளிர்ச்சியில் மரத்தின் திசுக்களில் நீரழுத்தம் கூடி நிற்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துவிட, ஓட்டம் குறையும். வாழ்நாள் முழுக்க நிழலின் கடிகாரத்தில் வேலை செய்தவருக்கு நிழல் செடியின் மனசு எளிதில் பிடிபட்டுவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். வருடத் தொடக்கத்தில், பிப்ரவரி, மார்ச் பக்கம், பால்மரம் இலை முழுவதையும் கொட்டும். அப்போது தோட்டத்துத் தரையெல்லாம் வெள்ளை வெயில். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் மங்கைத் தூக்கி வீட்டின் பின்சுவர் ஓரம் வைத்துவிடுவாராம். புதுத் துளிர் விரிந்து மரம் மூடியதும் மறுபடியும் மரத்தடி. பால் குறைந்து கூலியும் குறையும் மாதங்கள் அவை. ஆனாலும் செடியை இடம் மாற்ற மறந்ததில்லை.

தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அந்த வட்டாரம் முழுவதும் அப்படித்தான் மாறியது. பக்கத்தில் உள்ள ஜெண்டராட்டா, டென்மார்க் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ரப்பருக்கென்றே தொடங்கியது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே செம்பனையும் தென்னையும்தான் நினைவுக்கு வரும். பெரியம்மாவின் குடும்பம் லயத்தை விட்டு முதலில் ஒரு வாடகை வீட்டுக்கும் பிறகு இந்தத் தாமானுக்கும் வந்தது. லாரியில் சாமான் ஏற்றும்போது சாமி படம், அம்மிக்கல், செடி மூன்றையும் மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டாராம். "அம்மியயும் மடியிலயா?" என்றேன். "காலுக்கடியில" என்று அக்கா திருத்தினார்.

தாமானுக்கு வந்த முதல் வருடம் செடி சாகக் கிடந்தது. மரம் இல்லை. சிமெண்ட் தரை, தகரக் கூரை, எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் அனல். இலை ஓரம் காகிதம் போலக் காய்ந்தது. அப்போது பெரியம்மா செய்தது எனக்குப் பெரிய பாடம். ஒரு நாள் முழுக்க, ஒரு மணிக்கு ஒரு தடவை, வாசலின் ஒவ்வொரு இடத்திலும் கையை நீட்டித் தரையில் விழும் நிழலைப் பார்த்தார்.

"இங்க வா, காட்டுறேன்" என்று என்னை எழுப்பினார். மணி பதினொன்று. வாசல்படிக்கு வெளியே கையை நீட்டச் சொன்னார். ஐந்து விரலும் கத்தி போல வெட்டித் தெரிந்தன. "இது கூடாது." கூரைக்குக் கீழே இரண்டடி உள்ளே நீட்டினேன். விரல்கள் இருப்பது தெரிந்தது. ஓரம் கலங்கி, தண்ணீரில் கரைந்த மை போல இருந்தது. "இதான் எடம்." வீட்டுக்குள் நடுக்கூடத்தில் நீட்டினேன். நிழலே விழவில்லை. "இங்க வச்சா உசுரோட இருக்கும். பூக்காது. குச்சி மட்டும் வெளிச்சத்தைத் தேடி நீண்டுக்கிட்டே போவும்." தோட்டக்கலைப் புத்தகங்கள் இத்தனை சதவீத நிழல் என்று எண்ணில் சொல்வதை அவர் கையால் சொல்லிவிட்டார். ஊர் திரும்பியதும் என் வீட்டு மாடியில் இதைத்தான் முதலில் செய்தேன். நீங்களும் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

காலை வெயில் ஒன்பது மணி வரை பட்டால் நல்லது, பூ கூடும். அதற்குப் பிறகு வருகிற வெயிலைத் தடுக்க கூரை விளிம்பில் கறுப்பு நிழல்வலையை ஒரு முழம் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மண் விஷயம் அக்காவின் பொறுப்பு. அவர் உள்ளூர்க் களிமண்ணைத் தொடுவதே இல்லை. இந்தக் கடற்கரை வட்டாரம் தென்னைக்குப் பேர்போனது. தேங்காய் மட்டை சும்மாவே கிடைக்கும். மட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைக்கிறார். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுகிறார். மூன்று நான்கு நாள், தண்ணீர் தெளியும் வரை. மட்டையில் உள்ள உப்பும் துவர்ப்பும் போகாமல் வேர் பிடிக்காது. ஊறிய மட்டை இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரி ஆற்றுக்குத் தெற்கேயுள்ள நெல்வயல் பக்கத்திலிருந்து வருகிறது. மேலே ஒரு கைப்பிடி மக்கிய ஆட்டுப் புழுக்கை. நான் சட்டிக்குள் விரலை விட்டேன். ஈரப் பஞ்சைப் போல இருந்தது, கையில் ஒட்டவில்லை. கோபுரத்தைச் சாய்த்த மண்ணிலிருந்து இந்தச் செடியைக் காப்பாற்றிய ரகசியம் இதுதான்.

தண்ணீர் ஊற்றுவதில் அக்காவுக்கும் பெரியம்மாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தினம் ஊற்றணும் என்பது பெரியம்மா. விரலை ஒரு கணு அளவுக்கு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றணும் என்பது அக்கா. நான் அக்கா பக்கம். பெகோனியாவின் தண்டு நீர் நிறைந்தது. கொஞ்சம் காய்ந்தால் தாங்கும், தேங்கினால் இரண்டு நாளில் அழுகும். மாலையில் இலை நனைய ஊற்றக் கூடாது என்பதில் இருவரும் ஒன்று. இரவு முழுக்க ஈரம் நின்றால் இலையில் கரும்புள்ளியும் சாம்பல் பூஞ்சையும் வரும். பிற்பகல் இடிமழை தினம் பெய்யும் ஊரில் கூரைக்குக் கீழே வைப்பதே பாதி வைத்தியம்.

எந்தச் சட்டிக்கும் அடியில் தட்டு இல்லை. இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு முட்டையிடும். சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து பார்த்து அபராதம் போடுகிறார்கள். அதை அக்கா தொல்லையாக நினைக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு பையன் டெங்கியில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தது அவருக்கு நினைவிருக்கிறது.

அக்காவுக்கென்று தனியாக ஒரு செல்லம் உண்டு. குளியலறை ஜன்னலோரம், ஐஸ்கிரீம் டப்பாவில் இலைப் பெகோனியா. ரெக்ஸ் என்ற வகை. அதன் மூதாதை நம் அசாம் பக்கத்துக் காடு. கேமரன் மலைச் சந்தையில் வாங்கி வந்து இரண்டு முறை செத்துப்போனதாம். மலையின் குளிரில் வளர்ந்ததைக் கடலோரப் புழுக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் அதற்கு மூச்சு முட்டாதா? மூன்றாவது முறை அவர் முழுச் செடியை நம்பவில்லை. வாங்கி வந்த அன்றே ஒரு முற்றிய இலையை வெட்டி, அடிப்பக்க நரம்புகள் பிரியும் இடங்களில் பிளேடால் கீறி, ஈரமான தேங்காய் நார்த்தூள் மேல் படிய வைத்து, மேலே மூடியை அரைகுறையாகச் சாத்தினார். தாய்ச்செடி செத்தது. இலை சாகவில்லை. ஆறு வாரத்தில் கீறிய இடங்களிலிருந்து மிளகளவு கன்றுகள் எட்டிப் பார்த்தன. இந்த ஊரின் புழுக்கத்தில் பிறந்ததால் அவை பிழைத்துக்கொண்டன என்பது அக்காவின் முடிவு. எனக்கு டப்பாவைத் திறந்து காட்டினார். பழைய இலை கறுத்துச் சருகாகிக் கிடக்க, அதன் நரம்பின் மேல் ஐந்து குட்டி இலைகள், ஒவ்வொன்றும் அதே கோணலோடு.

குச்சி வகைக்கு இந்த வேலை சரிப்படாது. இலையை வைத்தால் வேர் விடும், தளிர் விடாது. மூன்று கணு உள்ள குச்சியாக வெட்டி ஒரு கணுவை மண்ணுக்குள் விட வேண்டும். பதினைந்து இருபது நாளில் பிடித்துவிடும். பழைய செடி உயர்ந்து அடியில் மொட்டையாகும்போது பெரியம்மா தயவு பார்ப்பதில்லை. அடியிலிருந்து இரண்டு கணு விட்டு மீதியை வெட்டிவிடுகிறார். வெட்டிய குச்சி அக்கம்பக்கத்துக்குப் போகும். அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன். நான்கு தமிழர் வீடு, ஒரு சீனர் வீடு, கோடி வீட்டு மலாய்க்காரம்மா, எல்லார் வாசலிலும் அதே வெள்ளிப் புள்ளி இலை.

பிற்பகல் அக்காவின் மகன் காரில் பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனான். லயம் இருந்த இடம் தெரியவில்லை. மாரியம்மன் கோயில் மட்டும் வெள்ளையடித்து நின்றது. ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் இங்கேதான் வருவார்களாம். சுற்றிலும் செம்பனை. உள்ளே நடந்தேன். இங்கேயும் நிழல் இருந்தது. ஆனால் பால்மரத்தின் சலித்த மாவு போன்ற நிழல் அல்ல; ஓலைக்கு ஓலை வெட்டுப்பட்டு, ஒரு கோடு வெயில், ஒரு கோடு இருட்டு. மரத்தண்டுகளில் மட்டை வெட்டிய பொந்துகளில் பெரணிகள் அடர்ந்து தொங்கின. பெரியம்மாவின் செடி முதன்முதலில் துளிர்த்த இடம் எது என்று கேட்டேன். பையன் தோராயமாக ஒரு வாய்க்கால் கரையைக் காட்டினான். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் செம்பனைக் கொட்டைகள் சிதறிக் கிடந்தன.

விடைபெறும்போது பெரியம்மா கத்தியை எடுத்துவரச் சொல்லி மூன்று குச்சி வெட்டினார். ஈரத் துணியில் சுற்றி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றி என் கையில் கொடுத்தார். "ஒங்க ஊரு மண்ணுல வை. மாமனார் ஊருல அது பூக்கணும்."

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அனுமதிச் சீட்டும் நோயற்றது என்ற சான்றும் இல்லாமல் உயிருள்ள செடியை இந்தியாவுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தராது. அந்தச் சட்டம் தேவையானது என்று நம்புகிறவன் நான். ஒரு குச்சியோடு வரும் பூஞ்சை ஒரு மலையின் செடிகளையே அழிக்கும். நிழலில் பூக்கும் ஆப்பிரிக்கக் காசித்தும்பையை அடிச்சாம்பல் நோய் 2003 முதல் இங்கிலாந்திலும், பிறகு அமெரிக்காவிலும் தோட்டம் தோட்டமாக வாரிக்கொண்டு போனதைப் படித்திருக்கிறேன். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடவில்லை. "சரி, அப்ப ஈப்போவுலயே வை. எங்கயாச்சும் பூக்கட்டும்" என்றார்.

ஈப்போவில் நான் தங்கியிருந்த நண்பரின் வீட்டுப் பின்கட்டில், கையை நீட்டி நிழல் பார்த்து, மூன்றையும் ஒரே சட்டியில் ஊன்றிவிட்டு வந்தேன். இதை எழுதும் வாரத்தில் நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். ஒன்று அழுகிவிட்டது. இரண்டு பிடித்துவிட்டன. ஒன்றில் முதல் கொத்து வந்திருக்கிறது: நான்கு ஆண் பூ, ஒரு பெண் பூ.

மலேசியா போகிற தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். குகைக் கோயிலுக்கும் கேமரன் மலைக்கும் போவீர்கள். பாறை நிழலில் பெகோனியாவைப் பார்த்தால் அதன் முன் சற்று நேரம் நில்லுங்கள், தலையைச் சாய்த்து நிறம் மாறுகிறதா என்று பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்காதீர்கள். வளர்க்க ஆசையிருந்தால் உங்கள் ஊர் நர்சரியில் குச்சிப் பெகோனியா கிடைக்கும்.